சாவியைக் கதவிலேயே எழுதி வைக்கலாமா?



தோட்டத்து அலுவலகத்தை நினைத்தால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மேசைமேல் கிடக்கும் அந்தப் பெரிய புத்தகம்தான். செக்ரோல் என்று சொல்வோம். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார், முன்பணம் எவ்வளவு வாங்கினார், மாதக் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாலையில் கிராணியார் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவார். சாவியைத் தம்முடன் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். சாவி எங்கே இருக்கிறது என்பதை அலுவலகக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்துவிட்டுப் போன கிராணியாரை நாம் பார்த்ததில்லை அல்லவா?

இன்று அந்தப் புத்தகம் கணிப்பொறிக்குள் போய்விட்டது. ஆனால் அதைத் திறக்கும் சாவியைக் கதவிலேயே எழுதி வைக்கும் பழக்கம் கணிப்பொறி வேலை செய்பவர்களில் பலரிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் ஏன் ஆபத்தானது, அதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதைத்தான் இன்றைய பேச்சில் பார்க்கப் போகிறோம்.

'கம்ப்யூட்டர்காரர்களின் வேலையைப் பற்றி எங்களுக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அந்தப் புத்தகங்களில் எழுதியிருப்பது நம்முடைய பெயர். ஊழியர் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கிறோம். 2020 ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது மைசெஜாத்ராவில் நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிந்தோம். மருத்துவரிடம் போனாலும், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலும் ஒரு கணிப்பொறியில் நம் விவரம் ஏறுகிறது. இரண்டாவது, அந்த வேலையைச் செய்பவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காப்பார், பந்திங், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சைபர்ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் நிரல் எழுதுகிறார்கள். கிள்ளானில் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் இறங்கும் இளைஞர் கூட்டத்தில் அவர்களைக் காணலாம்.

முதலில் சில சொற்களைத் தெரிந்துகொள்வோம். செக்ரோல் போன்ற விவரங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் கணிப்பொறிப் புத்தகத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். 'டேட்டாபேஸ்' என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கவும் எழுதவும் கணிப்பொறிக்கு நாம் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு நிரல், அதாவது 'புரோகிராம்'. நிரல் வேறு, தரவுத்தளம் வேறு. கிராணியார் வேறு, செக்ரோல் வேறு என்பதைப் போல.

அடுத்தது 'கிளவுட்' என்னும் மேகம். பெயரைக் கேட்டதும் எல்லாம் ஆகாயத்தில் மிதப்பதாக எண்ணிவிடக் கூடாது. அது தரையில் நிற்கும் பெரிய கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். சொந்தமாகக் கணிப்பொறி வாங்கி வைக்க முடியாதவர்கள் அங்கே இடத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கள் நிரலையும் தரவுத்தளத்தையும் வைக்கிறார்கள். சுங்கை பூலோவுக்கும் ஷா ஆலமுக்கும் இடைப்பட்ட எல்மினாவை நம்மில் சிலர் அறிந்திருப்பீர்கள். தோட்டமாக இருந்த அந்தப் பகுதி இன்று வீடுகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த நகரமாகிவிட்டது. அங்கேதான் தரவு மையம் ஒன்றைக் கட்டப் போவதாகக் கூகுள் நிறுவனம் 2024 மே மாதத்தில் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் மலேசியாவில் தன் மேகச் சேவையைத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 மே மாதத்தில் கோலாலம்பூர் வட்டாரத்தில் தொடங்கியது. ஒரு காலத்தில் நாம் பால்வாளி சுமந்து நடந்த மண்ணில் இன்று புத்தகங்கள் சேமிக்கப்படும் காலம் வந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். நிரல் ஓரிடத்தில் ஓடுகிறது, தரவுத்தளம் வேறோர் இடத்தில் இருக்கிறது. நிரல் அதைப் போய்ச் சேரவேண்டுமானால் அதற்கு ஐந்து செய்திகள் தெரிய வேண்டும். தரவுத்தளம் இருக்கும் கணிப்பொறியின் முகவரி ஒன்று. அந்தக் கணிப்பொறியில் எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்னும் எண் இரண்டு. மைஎஸ்கியூஎல் என்ற வகைக்கு வழக்கமாக 3306, போஸ்ட்கிரெஸ் என்ற வகைக்கு 5432. தரவுத்தளத்தின் பெயர் மூன்று. உள்ளே நுழைபவரின் பயனர் பெயர் நான்கு. கடவுச்சொல், அதாவது 'பாஸ்வர்ட்', ஐந்து. இந்த ஐந்தும் கையில் இருந்து வாசலும் திறந்திருந்தால், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிடலாம்.

புதிதாக நிரல் எழுதக் கற்கும் பிள்ளை இந்த ஐந்தையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. அப்படி எழுதினால் உடனே வேலை செய்கிறது, பிள்ளைக்கும் மகிழ்ச்சி. ஆனால் நிரல் என்பது ஓரிடத்தில் நிற்கும் பொருள் அல்ல. அதை நண்பனுக்குக் காட்டுவார்கள். ஆசிரியருக்கு அனுப்புவார்கள். கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியங்களில் சேர்த்து வைப்பார்கள். வேலை மாறிப் போகிறவர் தம் மடிக்கணிப்பொறியில் ஒரு படியைக் கொண்டுபோவார். நிரல் போகும் இடமெல்லாம் கடவுச்சொல்லும் கூடவே போகும். இதைத்தான் சாவியைக் கதவில் எழுதி வைப்பது என்று சொன்னோம்.

இதற்கு மாற்று என்ன? தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவோம். மரத்தை எப்படிச் சீவ வேண்டும், பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பது பால் வெட்டுபவரின் கையிலேயே இருக்கிறது. அதை யாரும் தினமும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு எந்த நிரைக்குப் போக வேண்டும் என்பதை மண்டோர் காலையில்தான் சொல்வார். நேற்று ஒரு நிரை, இன்று வேறு நிரை. அதற்காகத் தொழிலைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. தொழில் கையோடு இருக்கிறது, இடம் மட்டும் பெரட்டில் சொல்லப்படுகிறது.

கணிப்பொறியிலும் இதே ஏற்பாடு உண்டு. நிரல் ஓடத் தொடங்கும்போது, அது ஓடுகின்ற இடமே அதற்குச் சில செய்திகளைக் கொடுக்கும். அவற்றுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். சூழலுக்கு ஏற்றபடி மாறும் பெயரும் மதிப்பும் என்று பொருள். டிபி_ஹோஸ்ட், டிபி_போர்ட், டிபி_நேம், டிபி_யூசர், டிபி_பாஸ்வர்ட் என்று ஐந்து பெயர்கள் மட்டும் நிரலில் இருக்கும். அவற்றுக்கு உரிய மதிப்புகள் நிரலில் இரா. மேகச் சேவையின் அமைப்புப் பக்கத்தில், உரிமை பெற்ற ஒருவர் அவற்றைப் பதிந்து வைப்பார். நிரல் கண் விழித்ததும், 'டிபி_பாஸ்வர்ட் என்ன?' என்று சூழலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் ஏழாம் பதிப்பு 1979 ஆம் ஆண்டில் வந்தபோதே சூழல் மாறிகள் அதில் இடம்பெற்றன. பின்னர் 2011 வாக்கில் ஹெரோக்கு என்ற மேக நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், மேகத்தில் ஓடும் நிரல்களுக்கென்று 12 விதிகளைத் தொகுத்தார்கள். இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகளைச் சூழலில் வைக்க வேண்டும் என்பது அவற்றில் மூன்றாவது விதி. அந்த விதியை நாம் பின்பற்றுகிறோமா என்று பார்க்க எளிய சோதனையும் உண்டு. நம் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊரார் முன்னால் விரித்து வைத்தால், எந்தக் கடவுச்சொல்லாவது வெளியே தெரியுமா? தெரியாது என்றால் விதியைக் காத்தோம் என்று பொருள்.

நாங்கள் இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம். நாங்கள் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடியறையில் இருந்துகொண்டு சிறு சங்கங்களுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்து வந்தோம். கிள்ளானில் இருந்த ஒரு சிக்கனச் சங்கமும் அவற்றில் ஒன்று. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தோட்டத்தில் இருந்தவர்கள், அல்லது தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தவர்கள். அவசரத்தில் எழுதிய அந்த நிரலில் கடவுச்சொல்லை ஏழு இடங்களில் எழுதி வைத்திருந்தோம்.

எங்களோடு வேலை செய்த ஒருவர் வேறு வேலைக்குப் போனார். மனக்கசப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவதுதான் முறை என்று, ஒரு சனிக்கிழமை இரவு தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினோம். நிரலில் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்தினோம். ஆறு இடங்களைத் திருத்தினோம். ஏழாவதை விட்டுவிட்டோம். அது கடன் வழங்கும் பகுதி.

திங்கட்கிழமை காலை, பள்ளி திறக்கும் வாரம். பிள்ளைகளின் சீருடைக்கும் புத்தகப் பைக்கும் பணம் வாங்க உறுப்பினர்கள் சங்கத்தின் முகப்பில் வரிசையாக நின்றார்கள். திரையில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற ஒரே வரி. காப்பாரிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா ஒருவர், "தம்பி, இன்னிக்குக் கிடைக்குமா, இல்ல நாளைக்கு வரணுமா? நாளைக்கு வரதுன்னா ஒரு நாள் சம்பளம் போயிடும்யா," என்றார். எங்களிடம் பதில் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அந்த ஏழாவது இடத்தைக் கண்டுபிடித்தோம். அதற்குள் அந்த அம்மாவும் இன்னும் பலரும் திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் கவனக்குறைவுக்கு அவர்கள் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுத்தார்கள்.

அந்த வாரமே எல்லா அமைப்புகளையும் நிரலிலிருந்து எடுத்துச் சூழல் மாறிகளுக்கு மாற்றினோம். பிறகு இன்னொரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தபோது, அமைப்புப் பக்கத்தில் ஓரிடத்தில் திருத்தி, நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

எங்கள் கதை சிறியது. பெரிய நிறுவனங்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் கார் வைத்திருப்பவர்களுக்காக டி-கனெக்ட் என்ற சேவையை நடத்துகிறது. அதன் வலைத்தளத்தை உருவாக்கிய துணை ஒப்பந்தக்காரர் ஒருவர், 2017 டிசம்பரில் நிரலின் ஒரு பகுதியைத் தவறுதலாகக் கிட்ஹப் களஞ்சியத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டார். தரவு இருந்த கணிப்பொறியைத் திறக்கும் சாவி அந்த நிரலுக்குள்ளேயே இருந்தது. 2022 செப்டம்பரில்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கதவில் சாவி தொங்கியிருக்கிறது. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் வாடிக்கையாளர் எண்களும் வெளியேறியிருக்கக்கூடும் என்று அறிவித்து, அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

ஊபர் வாடகைக் கார் சேவை 2018 வரை நம் நாட்டிலும் இருந்தது. 2016 ஆம் ஆண்டில் திருடர்கள், அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் நிரல்களைச் சேர்த்து வைத்திருந்த தனிக் களஞ்சியத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே மேகச் சேமிப்பைத் திறக்கும் சாவி கிடைத்தது. அதைக்கொண்டு உலகெங்கும் உள்ள 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்களை எடுத்தார்கள். நிறுவனம் இதை மறைத்து வைத்து, 2017 நவம்பரில்தான் வெளியே சொன்னது. அடுத்த ஆண்டு அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டொயோட்டாவின் நிரல் பொதுவிடத்தில் இருந்தது, ஊபரின் நிரல் பூட்டிய களஞ்சியத்தில் இருந்தது. 'எங்கள் நிரலை வெளியார் பார்க்க முடியாது, அதனால் கடவுச்சொல் உள்ளேயே இருக்கலாம்' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நம் பிள்ளைகள் இதை முறையாகச் செய்வது எப்படி? பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவதாக, நிரலில் பெயர் மட்டும் இருக்கட்டும், மதிப்பு வேண்டாம். நிரல் தொடங்கும்போது ஐந்து பெயர்களுக்கும் மதிப்பு கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும், 'டிபி_ஹோஸ்ட் கொடுக்கப்படவில்லை' என்று பெயரைச் சொல்லி அங்கேயே நின்றுவிட வேண்டும். பாதி வழியில், உறுப்பினர் முகப்பில் நிற்கும்போது நிற்கக் கூடாது.

இரண்டாவதாக, பழகும் இடமும் உண்மையான இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் பழகும்போது பொய்ப் பெயர்கள் நிறைந்த பழகு புத்தகத்தின் முகவரியைக் கொடுக்கலாம். மேகத்தில் ஓடும்போது உண்மைப் புத்தகத்தின் முகவரி கொடுக்கப்படும். நிரல் ஒன்றுதான், பெரட்டில் சொல்லும் நிரை மட்டும் வேறு. பழகும் பிள்ளை தவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் உண்மையான கணக்குக்கு ஆபத்து வராது.

மூன்றாவதாக, வீட்டுக் கணிப்பொறியில் இந்த மதிப்புகளை எழுதி வைக்க '.என்வ்' என்று ஒரு சிறு கோப்பு வைத்துக்கொள்வது வழக்கம். அதை நிரலோடு சேர்த்து அனுப்பிவிடக் கூடாது. நிரலின் படிகளைக் காக்கும் கிட் என்னும் கருவியிடம், '.கிட்இக்னோர்' என்ற கோப்பில் அதன் பெயரை எழுதிவிட்டால், அந்தக் கோப்பை அது சேர்க்காது. முதல் நாளே எழுதிவிட வேண்டும். ஒரு தடவை சேர்ந்துவிட்ட பிறகு அழித்தாலும் பயனில்லை. கிட் பழைய படிகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். கார்பன் தாள் வைத்து எழுதிய பிறகு மேல் தாளைக் கிழிப்பது போன்றது அது.

நான்காவதாக, மேகத்தில் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டு பேர் போதும் என்றால் இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றிய பின் நிரலை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தொடக்கத்தில் கேட்ட பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நேயர்களே, சூழல் மாறி வைத்துவிட்டால் எல்லாப் பயமும் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கும் எல்லை உண்டு. 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ என்ற கணிப்பொறிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. திருடர் கூட்டம் ஒன்று 1 லட்சத்து 10 ஆயிரம் இணைய முகவரிகளைக் குறிவைத்து, அந்த '.என்வ்' கோப்புகளைத் தேடியிருக்கிறது. வலைத்தளத்தின் முன்கூடத்தில், வருகிறவர் போகிறவர் கையில் எட்டும்படி அவற்றை விட்டிருந்தவர்களிடமிருந்து 90,000க்கும் மேற்பட்ட மாறிகளை எடுத்திருக்கிறது. சாவியைக் கதவிலிருந்து எடுத்து, வாசல் திண்ணையில் வைத்த கதைதான் இது. அந்தக் கோப்பு வீட்டுக் கணிப்பொறியோடு நிற்க வேண்டும். மேகத்தில் அதற்கென்று உள்ள அமைப்புப் பக்கத்தில் மதிப்புகளைப் பதிய வேண்டும்.

இன்னொரு வழியிலும் ஒழுகும். நிரலில் ஏதாவது பழுது ஏற்பட்டால், சில நிரல்கள் சூழலில் உள்ள எல்லாவற்றையும் பழுதுக் குறிப்பில் எழுதித் தள்ளிவிடும். அந்தக் குறிப்பைப் படிப்பவர் கடவுச்சொல்லையும் படித்துவிடுவார். அதனால் பழுதுக் குறிப்பில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய கணக்குகளுக்கு இரகசியப் பெட்டகம் என்ற தனிச் சேவை உண்டு. அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் அதை வைத்திருக்கின்றன. கடவுச்சொல் அங்கே மறைகுறியாக்கப்பட்டு இருக்கும். யார் எப்போது எடுத்தார் என்ற பதிவும் அங்கே இருக்கும். சூழல் மாறியில் பெட்டகத்தின் பெயரை மட்டும் வைத்தால் போதும்.

அதோடு, தரவுத்தளத்துக்குள் நுழையும் பயனருக்கு வேண்டிய அளவு உரிமையே கொடுக்க வேண்டும். கணக்கைப் படித்துக் காட்டும் நிரலுக்கு, புத்தகத்தையே அழிக்கும் உரிமை எதற்கு? அந்த வாசல் எண்ணையும் உலகத்துக்கெல்லாம் திறந்து வைக்காமல், நம் நிரல் ஓடும் கணிப்பொறிக்கு மட்டும் திறக்கும்படி செய்யலாம். அப்போது சாவி வெளியே போனாலும் வேலியாவது நிற்கும்.

கடவுச்சொல் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதல் வேலை, அதை மாற்றுவது. யார் தவறு என்று விசாரிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வேலை போய்விடுமோ என்று பயந்து பிள்ளைகள் மறைப்பதுண்டு. மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குக் கொடுக்கும் நேரம். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டது. அதன்படி 2025 ஜூன் 1 முதல், வணிகத்தில் பிறர் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள், ஆபத்தான கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெருந்தீங்கு வரக்கூடும் என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் பாதுகாப்பு நெறிகளை மீறினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கவும் இடமுண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கடவுச்சொல்லைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியாது. 12 இலக்கங்களில் முதல் ஆறு நம் பிறந்த தேதி. அது ஒரு தடவை வெளியே போனால் வாழ்நாள் முழுவதும் வெளியேதான் இருக்கும். 2017 அக்டோபரில், மலேசியக் கைப்பேசி எண்கள் 4 கோடியே 62 லட்சம், உரியவர்களின் விவரங்களோடு கசிந்திருப்பதாகச் செய்தி வந்தது. அன்றைய நம் மக்கள் தொகையைவிட அது அதிகம். இன்று நாம் பேசும் தவற்றால்தான் அது நேர்ந்தது என்று சொல்லவில்லை. ஒரு பட்டியல் வெளியே போனால் எத்தனை வீடுகளைத் தொடும் என்பதற்காகச் சொல்கிறோம். 'போலீஸ் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் அடையாள அட்டை எண் இதுதானே' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இத்தகைய பட்டியல்தான் கைமுதல். எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காக அவனை நம்பிவிட வேண்டாம், தாய்மார்களே. போனை வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இனி, வீட்டில் நிரல் எழுதக் கற்கும் பிள்ளை இருந்தால், அதனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நீ எழுதியதை அப்படியே எனக்குக் காட்டு. இதில் எங்கேயாவது கடவுச்சொல் எழுதியிருக்கிறாயா?" உங்களுக்குக் கணிப்பொறி தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே பிள்ளை தன் நிரலைத் திரும்பப் பார்க்கும். சங்கங்களிலும் கோயில் நிர்வாகங்களிலும் பொறுப்பில் இருப்பவர்கள், நிரல் எழுதிக் கொடுப்பவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கடவுச்சொல் எங்கே இருக்கிறது, அதை யார் யார் பார்க்க முடியும், மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால், அது எங்களைப் போல ஏழு இடங்களில் எழுதியிருக்கிறது என்று பொருள்.

சூழல் மாறிகளைப் பயன்படுத்தத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. புதுக் கணிப்பொறியும் வேண்டாம். முதல் நிரல் எழுதும் நாளிலேயே ஒரு பிள்ளை இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம். காப்பாரிலிருந்து பஸ் ஏறி வந்த அந்த அம்மாவின் பெயரும் அப்படி ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்துக்குச் சாவி வைப்பவர் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.